கார் இன்சூரன்சைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம் நில்லுங்கள்!

கார் வைத்திருக்கும் வீட்டில் ஆண்டுக்கு ஒரு முறை டெலிபோன் மணி விடாமல் அடிக்கும்.

"சார், உங்கள் கார் பாலிசி 20-ந் தேதியோடு முடிகிறது. எங்கள் கம்பெனியில் போட்டால் 2 ஆயிரம் ரூபாய் குறைவு" என்பார் ஒருவர்.

அவர் போனை வைத்ததும் இன்னொருவர் கூப்பிடுவார். "அவர்கள் சொன்னதைவிட 500 ரூபாய் குறைத்துத் தருகிறோம், சார்" என்பார்.

கார் அதே கார். ஓட்டுகிறவரும் அதே ஆள். ஓடுகிற ரோடும் அதே ரோடு. அப்படி இருக்கும்போது, கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறுவது ஏன்?

குறைந்த விலை சொல்கிறவரிடம் போனால் லாபமா? அல்லது அதில் ஏதாவது வில்லங்கம் இருக்கிறதா?

இதைத் தெரிந்துகொண்டால், மிச்சம் பிடிக்க வேண்டிய இடத்தில் மிச்சம் பிடிக்கலாம். கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைக்காமல் இருக்கலாம்.

ஒரே பாலிசி, இரண்டு கணக்கு

பாலிசித் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு கணக்கு இருக்கும்.

ஒன்று, உங்கள் காரால் பிறருக்கு ஏற்படும் உயிர்ச்சேதம், காயம், பொருள் சேதம் ஆகியவற்றுக்கான கணக்கு. இதை "தேர்டு பார்ட்டி" என்பார்கள். பாலிசி எடுக்கும் நீங்கள் முதல் ஆள். கம்பெனி இரண்டாவது ஆள். ரோட்டில் போகும் மனிதர் மூன்றாவது ஆள். அதனால்தான் இந்தப் பெயர்.

மற்றொன்று, உங்கள் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான கணக்கு. மோதல், தீ, திருட்டு, வெள்ளம் எல்லாம் இதில் சேரும். இதற்கு "ஓன் டேமேஜ்" என்று பெயர். அதாவது, சொந்தச் சேதம்.

முதல் கணக்கு கட்டாயம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. இரண்டாவது உங்கள் விருப்பம். பாங்கியில் கடன் வாங்கிக் கார் எடுத்திருந்தால், பாங்கி அதையும் கேட்கும்.

எங்கே போனாலும் ஒரே விலை

தேர்டு பார்ட்டி பிரிமியத்தைக் கம்பெனிகள் தங்கள் இஷ்டப்படி வைக்க முடியாது. அதை மத்திய அரசாங்கம் நிர்ணயிக்கிறது.

2022-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி அமலுக்கு வந்த விகிதம் இது: 1,000 சி.சி.க்கு மேற்படாத காருக்கு ரூ.2,094. அதற்கு மேல் 1,500 சி.சி. வரை ரூ.3,416. அதற்கும் மேற்பட்ட பெரிய காருக்கு ரூ.7,897. மின்சாரக் காருக்கு 15 சதவீதம் தள்ளுபடி உண்டு.

ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளுக்கும் இப்படித்தான். 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரை உள்ள வண்டிக்கு அதே உத்தரவு வைத்த விகிதம் ரூ.714.

அரசாங்கம் விகிதத்தை மாற்றினால் எல்லாக் கம்பெனியிலும் ஒரே நாளில் மாறும். இதன் மேல் ஜி.எஸ்.டி. வரியும் சேரும்.

ஆகவே, "தேர்டு பார்ட்டியிலேயே பாதிக்குப் பாதி குறைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். அந்தப் பாலிசியே போலியாக இருக்கலாம்.

போட்டி எங்கே நடக்கிறது?

போட்டி முழுவதும் இரண்டாவது கணக்கில், அதாவது சொந்தச் சேதக் கணக்கில்தான் நடக்கிறது.

இது பழைய காலத்து வழக்கம் அல்ல. 1973-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி பொது இன்சூரன்ஸ் தொழில் நாட்டுடைமை ஆயிற்று. 107 கம்பெனிகள் சேர்ந்து 4 கம்பெனிகள் ஆயின. அவற்றில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமை அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 2000-ம் ஆண்டில் தனியார் கம்பெனிகள் மீண்டும் வந்தன. அப்போதும் எல்லோருக்கும் ஒரே கட்டணப் பட்டியல்தான்.

2007-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அந்தக் கட்டு அவிழ்ந்தது. சொந்தச் சேதத்துக்கு என்ன விலை வைப்பது என்பது கம்பெனியின் பொறுப்பு ஆயிற்று. அன்று முதல்தான் "எங்களிடம் வாருங்கள், எங்களிடம் வாருங்கள்" என்ற கூவல்.

ஒரு கம்பெனிக்குச் சென்ற ஆண்டு ஒரு வகைக் காரில் நஷ்ட ஈடு அதிகம் போயிருக்கும். அந்த வகைக் காருக்கு விலையை ஏற்றும். இன்னொரு கம்பெனிக்கு அதே காரில் நஷ்டம் குறைவாக இருந்திருக்கும். அது விலையைக் குறைக்கும். புதிய ஆட்களைப் பிடிப்பதற்காகக் குறைக்கும் கம்பெனியும் உண்டு.

எனவே, நாலு இடத்தில் விலை கேட்பது வீண் வேலை அல்ல. உண்மையிலேயே பணம் மிச்சமாகும்.

பழைய வாடிக்கைக்கு மரியாதை உண்டா?

"பத்து வருடமாக ஒரே கம்பெனியில் கட்டுகிறேன். எனக்குக் குறைத்துத்தான் போடுவார்கள்" என்று பலர் நினைக்கிறார்கள்.

மளிகைக் கடையில் வேண்டுமானால் பழைய வாடிக்கைக்குக் கொசுறு கிடைக்கும். இன்சூரன்சில் அப்படி நம்பி இருந்தவர்களுக்குப் பிரிட்டனில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

அந்த நாட்டில் நிதித் தொழிலைக் கண்காணிக்கும் ஆணையம், கார் இன்சூரன்சையும் வீட்டு இன்சூரன்சையும் ஆராய்ந்தது. புதிதாக வருகிறவர்களுக்குக் கம்பெனிகள் குறைந்த விலை வைத்தன. ஆண்டுதோறும் கேள்வி கேட்காமல் புதுப்பித்தவர்களுக்குப் படிப்படியாக விலையை ஏற்றின. இப்படி அதிக விலை கொடுத்த பாலிசிகள் சுமார் 60 லட்சம். சராசரி விலையைக் கட்டியிருந்தால் 2018-ம் ஆண்டில் மட்டும் இவர்களுக்கு 120 கோடி பவுன் மிச்சமாகியிருக்கும் என்று ஆணையம் கணக்குச் சொன்னது.

விசுவாசமாக இருந்ததற்குக் கிடைத்த பரிசு அது!

2022-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் அங்கே புதிய விதி வந்தது. புதிய ஆளுக்கு என்ன விலையோ, புதுப்பிக்கிறவருக்கும் அதற்கு மேல் கேட்கக் கூடாது என்பது விதி.

நம் ஊர்க் கார்க்காரருக்கும் இதில் பாடம் இருக்கிறது. கம்பெனி அனுப்பும் புதுப்பிப்பு நோட்டீசை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். வேறு இடத்தில் கேட்ட விலையைச் சொல்லி, "உங்களால் குறைக்க முடியுமா?" என்று பழைய கம்பெனியையே கேளுங்கள். கேட்டால் குறையக்கூடும். கேட்காவிட்டால் யார் குறைப்பார்கள்?

மதிப்பைக் குறைத்தால் விலை குறையும்

இனித்தான் கவனமாக இருக்க வேண்டிய இடம் வருகிறது.

பாலிசியில் "ஐ.டி.வி." என்று ஒரு தொகை இருக்கும். கார் திருடு போனாலோ, இனி உதவாது என்ற அளவுக்கு நொறுங்கினாலோ, கம்பெனி கொடுக்கும் தொகைக்கு அதுதான் அடிப்படை. சுருக்கமாகச் சொன்னால், அது உங்கள் காரின் மதிப்பு.

புதுக் காரின் விலையில் வயதுக்கு ஏற்றபடி கழிவு போட்டு இதைக் கணக்கிடுகிறார்கள். 1 ஆண்டு தாண்டி 2 ஆண்டு வரை 20 சதவீதம் கழிவு. 3 ஆண்டு வரை 30. 4 ஆண்டு வரை 40. 5 ஆண்டு வரை 50. அதற்கும் பழைய காருக்குக் கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு செய்வது.

உதாரணமாக, 8 லட்சம் ரூபாய்க் கார். வாங்கி மூன்றரை ஆண்டு ஆகிறது. 40 சதவீதம் கழித்தால் மதிப்பு 4 லட்சத்து 80 ஆயிரம்.

ஒரு கம்பெனி இந்த மதிப்புக்குச் சொந்தச் சேதப் பிரிமியம் 6 ஆயிரம் ரூபாய் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு கம்பெனி 5 ஆயிரம்தான் என்கிறது. நமக்குச் சந்தோஷம். ஆனால் பாலிசியைப் பார்த்தால், இரண்டாவது கம்பெனி காரின் மதிப்பை 4 லட்சம் என்று போட்டிருக்கிறது!

இரண்டு கம்பெனியின் விகிதமும் ஒன்றுதான். மதிப்பில் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. பிரிமியத்திலும் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. யாரும் எதையும் விட்டுக் கொடுக்கவில்லை.

மிச்சம் ஆயிரம் ரூபாய். கார் திருடு போனால் கையில் வருவதில் குறைவது 80 ஆயிரம் ரூபாய்.

ஆகவே, விலையை ஒப்பிடும் முன்னால் மதிப்பை ஒப்பிடுங்கள். எல்லாக் கம்பெனியிடமும் ஒரே மதிப்பைச் சொல்லி விலை கேளுங்கள்.

போனஸ் உங்கள் சொத்து

ஓர் ஆண்டு முழுவதும் நஷ்ட ஈடு கேட்காமல் இருந்தால் அடுத்த ஆண்டு தள்ளுபடி கிடைக்கும். இதுதான் "நோ கிளெய்ம் போனஸ்". முதல் ஆண்டு 20 சதவீதம். பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாவது ஆண்டில் 50 சதவீதம். இது சொந்தச் சேதப் பிரிமியத்துக்கு மட்டும்.

இந்தப் போனஸ் காருக்குச் சொந்தம் அல்ல, உங்களுக்குச் சொந்தம். கம்பெனி மாறினாலும் கூடவே வரும். காரை விற்றுப் புதுக் கார் வாங்கினாலும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

"கம்பெனி மாறினால் போனஸ் போய்விடும்" என்று யாராவது பயம் காட்டினால் நம்ப வேண்டாம்.

சின்னச் சிராய்ப்புக்கு நஷ்ட ஈடு கேட்பதற்கு முன்னால் பென்சில் எடுத்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் பிரிமியம் 10 ஆயிரம். 50 சதவீதப் போனசால் 5 ஆயிரம் கட்டுகிறீர்கள். கதவில் கீறல். சரி செய்ய 3 ஆயிரம் ஆகும். 1,500 சி.சி. வரை உள்ள காருக்கு முதல் ஆயிரம் ரூபாயை நீங்களே ஏற்க வேண்டும். கம்பெனியிடமிருந்து வருவது அதிகம் போனால் 2 ஆயிரம். அடுத்த ஆண்டு போனஸ் போய், கூடுதலாகக் கட்டுவது 5 ஆயிரம். இது தேவையா?

அதே சமயம், நஷ்ட ஈடு வாங்கியதை மறைத்துப் போனஸ் கேட்கக் கூடாது. புதிய கம்பெனி பழைய கம்பெனியை விசாரிக்கும். பொய் வெளிப்பட்டால், பெரிய விபத்தின்போது நஷ்ட ஈட்டுக்கே ஆபத்து வரும்.

எதை விடலாம்? எதை விடக் கூடாது?

பிரிமியம் குறைவாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே இருக்க வேண்டிய பாதுகாப்பு இல்லாமல் இருக்கும்.

சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பாட்டரி போன்ற சாமான்களுக்குப் பாதி விலையைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இன்றையக் காரில் பம்பர் பிளாஸ்டிக். பம்பர் விலை 12 ஆயிரம் என்றால் 6 ஆயிரம்தான் கணக்கு. இந்தக் கழிவு வேண்டாம் என்றால், "ஜீரோ டிப்ரிசியேஷன்" என்ற கூடுதல் பாதுகாப்புக்குத் தனியாகக் கட்ட வேண்டும். புதுக் காருக்கு இது நல்லது. காருக்கு வயதாகிவிட்டால், அதற்குக் கட்டும் பணமும் கிடைக்கும் பயனும் சரிக்குச் சரியா என்று யோசிக்கலாம்.

சென்னை போன்ற ஊரில் என்ஜினைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தையும், 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்தையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கார்கள் தெருவிலேயே முழுகிக் கிடந்தன.

வெள்ளச் சேதம் சாதாரணப் பாலிசியில் உண்டு. ஆனால் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து, தண்ணீர் உள்ளே போய் என்ஜின் உடைந்தால், "அது வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது" என்று கம்பெனி மறுக்கலாம். அதற்கென்று "என்ஜின் புரொடெக்ட்" என்ற தனிப் பாதுகாப்பு இருக்கிறது. தண்ணீர் தேங்கும் பகுதியில் குடியிருப்பவர்கள் சில நூறு ரூபாய்க்காக இதை விட்டுவிடக் கூடாது. முழுகிய காரில் சாவியைத் திருகவும் கூடாது. இழுத்துச் செல்லும் வண்டியைக் கூப்பிடுவதே சரி.

நியாயமாக மிச்சம் பிடிக்கும் இடங்களும் இருக்கின்றன. கார்ச் சொந்தக்காரருக்கு 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு கட்டாயம். ஆனால் அந்தத் தொகைக்குத் தனி விபத்துப் பாலிசி உங்களிடம் இருந்தால், கார்ப் பாலிசியில் மறுபடியும் கட்டத் தேவை இல்லை. காரைக் குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு, ஓடும் தூரத்துக்கு ஏற்பப் பணம் கட்டும் முறையை 2022-ம் ஆண்டு ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. கார் வாரத்துக்கு ஒரு நாள்தான் கோவிலுக்குப் போகிறது என்றால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

தேதி தவறினால்...

விலை பேசிக்கொண்டே தேதியைக் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் இதுதான்.

பாலிசி முடிந்தால் முடிந்ததுதான். மறுநாள் நடக்கும் விபத்துக்குப் பாதுகாப்பு இல்லை. மீண்டும் முழுப் பாலிசி எடுக்கப் போனால், காரைப் பரிசோதித்த பிறகே கொடுப்பார்கள். 90 நாள் தாண்டினால் சேர்த்து வைத்த போனசும் போய்விடும்.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2 ஆயிரம் ரூபாய் அபராதம். மறுபடியும் அகப்பட்டால் 4 ஆயிரம். 3 மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு.

ஆனால் அபராதம் பெரிய விஷயமே அல்ல. கீழே உள்ள கணக்கைப் பாருங்கள்.

மாதம் 20 ஆயிரம் ரூபாய் சம்பாதிக்கும் தச்சர் ஒருவர். வயது 30. மனைவி, இரண்டு குழந்தைகள், தாயார் ஆகிய நால்வர் அவரை நம்பி இருக்கிறார்கள். ஒரு கார் மோதி அவர் இறந்துவிடுகிறார். தவறு கார் ஓட்டியவர் மேல்.

நஷ்ட ஈடு எவ்வளவு?

2009, 2017 ஆகிய ஆண்டுகளில் சுப்ரீம் கோர்ட்டு வகுத்துக் கொடுத்த முறை இது: ஆண்டு வருமானம் 2 லட்சத்து 40 ஆயிரம். வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 3 லட்சத்து 36 ஆயிரம். அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 2 லட்சத்து 52 ஆயிரம். அவர் வயதுக்கு உரிய 17 என்ற எண்ணால் பெருக்கினால் 42 லட்சத்து 84 ஆயிரம் ரூபாய்.

காருக்கு இன்சூரன்ஸ் இருந்தால் இதைக் கம்பெனி கொடுக்கும். உயிர்ச்சேதத்தைப் பொறுத்தவரை தேர்டு பார்ட்டிக்கு உச்சவரம்பு இல்லை. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் கார்க்காரர்தான் கொடுக்க வேண்டும். கோர்ட்டு அவருடைய வீட்டை ஜப்தி செய்யலாம்.

அவரிடம் வீடும் இல்லை, வாசலும் இல்லை என்றால்? தச்சரின் குடும்பம் தீர்ப்புக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த இரண்டு குழந்தைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்தை யார் கட்டுவது?

இன்சூரன்ஸ் இல்லாத வண்டிகள் ரோட்டில் ஏராளமாக ஓடுவதைக் கண்டுதான், 2018-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி முதல், புதுக் கார் வாங்கும்போதே 3 ஆண்டுக்கும், புது ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் வாங்கும்போது 5 ஆண்டுக்கும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும் என்றது. அந்தக் காலம் முடிந்த பிறகு புதுப்பிப்பது நம் பொறுப்பு.

3 ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் எங்கே, 42 லட்சம் எங்கே?

என்ன செய்ய வேண்டும்?

பாலிசி முடிவதற்கு ஒரு மாதம் முன்பே பழைய பாலிசியை எடுங்கள். காரின் மதிப்பு, போனஸ் சதவீதம், கூடுதல் பாதுகாப்புகள் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

மூன்று நாலு கம்பெனிகளில் விலை கேளுங்கள். அதே மதிப்பு, அதே போனஸ், அதே பாதுகாப்பு. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் விலையை ஒப்பிட முடியும்.

பணத்தைக் கம்பெனியின் பெயருக்கே செலுத்துங்கள். ஏஜெண்டின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். பாலிசி வந்ததும் கார் நம்பர், என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் சரியா என்று பாருங்கள். அரசாங்கத்தின் எம்-பரிவாகன் செயலியில் கார் நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்பது தெரியும்.

பழைய கார் வாங்கியவர்கள் 14 நாளுக்குள் இன்சூரன்சைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவரின் பெயரிலேயே பாலிசி கிடந்தால், உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கு நஷ்ட ஈடு கேட்பது கஷ்டம்.

கம்பெனி நியாயம் செய்யவில்லை என்றால் முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லாவிட்டால், இன்சூரன்ஸ் குறைதீர்ப்பு அதிகாரியிடம் போகலாம். ஆங்கிலத்தில் அவரை ஆம்புட்ஸ்மேன் என்பார்கள். அவருடைய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை. வக்கீலும் வேண்டாம்.

வீட்டில் வரவு செலவுக் கணக்கு எழுதுகிறவர் யாரோ, அவரும் பாலிசியை ஒரு தடவை படிக்க வேண்டும். நாலு அணா கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து வாங்கிப் பழகிய கண்ணுக்கு, எந்த இடத்தில் சொத்தை என்பது உடனே தெரிந்துவிடும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பாலிசி முடியும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் இன்னொரு குறி போடுங்கள். முதல் குறி வந்ததும் விலை கேட்கத் தொடங்குங்கள். இரண்டாவது குறி வருவதற்குள் பணத்தைக் கட்டி முடியுங்கள்.